காலியாகாத கிளாஸ்

யாராவது உங்களிடம் "ஹோ ஜாயேகா" என்று சொன்னால், உடனே அந்த வேலைக்கு இன்னோர் ஆளையும் தேடி வையுங்கள். ஆகிவிடும், கவலைப்படாதே என்று அர்த்தம். இந்தத் தீவுகளில் எல்லா மொழிக்காரரும் சொல்கிற வார்த்தை அது. ஆகாது என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். கப்பலில் வருகிற பூவை, கையில் வாங்கும்வரை நம்பாதீர்கள். மழை வராது என்கிற பந்தல்காரரை நம்பாதீர்கள். புதிய ஜெனரேட்டர் என்கிறவரிடம் அதை ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் முதல் நான் விருந்து நடக்கும் இடங்களில் நிற்கப் போவதில்லை. நீங்கள்தான் நிற்கப் போகிறீர்கள். தலை நரைக்காதவள் ஓய்வு பெற்றவர் மாதிரிப் பேசுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். என் அப்பாவும் அம்மாவும் கச்சால் தீவில் ரப்பர் மரம் சீவியவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். போர்ட் பிளேரில் கல்லூரி முடித்து, இந்த ஊரின் பெரிய வீட்டுக் கல்யாணங்களைப் பொறுப்பெடுத்து நடத்தியிருக்கிறேன். சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

பூ கட்டுவதையும் மெனு போடுவதையும் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்லப் போவது சந்தேகப்படுவதைப் பற்றி.

காக்டெயில் வரவேற்பு என்றால் நம் சனங்களுக்கு இன்னும் பயம்தான். பந்தி கிடையாது, இலை கிடையாது, வரிசையாக நாற்காலி கிடையாது. நின்றுகொண்டே பேச வேண்டும். தட்டேந்தி வருகிறவரிடம் ஒரு துண்டு மீனோ பனீரோ எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கையில் எப்போதும் ஒரு கிளாஸ் இருக்க வேண்டும். நான் நடத்திய முதல் காக்டெயில் வரவேற்பில் பெண்கள் ஒரு வாய் ஜூஸ்கூடக் குடிக்கவில்லை. ஒயின் கிளாஸ் மாதிரி அடியில் தண்டு வைத்த கிளாஸில் எது வந்தாலும் அதில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஒரு பெரியம்மா முடிவு கட்டிவிட்டார். மற்றவர்கள் என் விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டினார்கள். பெரியம்மா சொன்னதைத்தான் நம்பினார்கள். உப்புக் காற்றில் உதடு காய்ந்தபடி நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். மதுவுக்குத் தண்டு வைத்த கிளாஸ். ஜூஸுக்கு நேரான, உயரமான கிளாஸ். ஜூஸ் மேசை ஒரு பக்கம், மது மேசை எதிர்ப்பக்கம். யார் கையில் என்ன இருக்கிறது என்பது புல்வெளியின் மறுகோடியிலிருந்தே தெரிந்துவிடும். சந்தேகத்துக்கு இடமில்லாத ஏற்பாடு என்று பெருமைப்பட்டேன். ரேவதியின் வரவேற்பு வரைக்கும் அந்தப் பெருமை இருந்தது.

ரேவதி ஃபீனிக்ஸ் பே கப்பல் துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தாள். வீடு டெலானிபூர். அம்மா இல்லை. அப்பா தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை சென்னை. காலையில் முருகன் கோயிலில் தாலி கட்டி, மாலையில் கடலோரப் புல்வெளியில் வரவேற்பு. அது காக்டெயிலாக இருக்க வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் ஆசை.

எல்லாம் பேசி முடித்து எழுந்த ரேவதி மறுபடி உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்கப்பாவைப் பாத்துக்க ஒரு ஆள் போடணும்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. குடியை விட்டு ரொம்ப வருஷமாச்சு. அப்படித்தான் சொல்றார்."

"சொல்றார்னா? உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"இதுக்கு முன்னாடியும் நாலஞ்சு தடவை விட்டிருக்கார்க்கா."

"அப்ப எதுக்கு இந்தக் காக்டெயில்? வேணாம்னு சொல்லிடலாமே."

"வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா அப்பாவைப் பத்திச் சொல்லணும். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது." கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "அப்பாகிட்டச் சொல்லிட்டேன். அன்னைக்கு ஒரு வாய் குடிச்சாலும் அதோட சரி. அதுக்கப்புறம் என் வீட்டுப் படி ஏறக் கூடாது. நான் சென்னையில இருந்துக்கறேன், அவர் இங்கயே இருந்துக்கட்டும்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரின்னார். அவர் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்வார்."

இவள் வைப்பது வரவேற்பா, அப்பாவுக்குப் பரீட்சையா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். அதைக் கேட்கவில்லை. ஆள் போடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நாம் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவரைத்தான் போட்டேன். பரிமாறுகிறவர்களுக்குத் தலைவரான அவரை உங்களுக்குத் தெரியும். வீடு பாராடாங் தீவில். பேசுவது ஹிந்தி, வீட்டில் வங்காளம், தமிழ் முக்கால்வாசி புரியும். அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். அங்கிளை, அதாவது ரேவதியின் அப்பாவை, விட்டு நகரக் கூடாது. அங்கிளைவிட முக்கியம், அவருக்கு யார் என்ன கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதை நீங்களும் நினைவில் வையுங்கள். குடியை விட்ட ஒருவரை ஒரு நாளாவது குடிக்கவைத்துப் பார்ப்பதில் ஒரு கூட்டத்துக்கு அலாதி சந்தோஷம். அந்தக் கூட்டம் எல்லாக் கல்யாணத்துக்கும் வரும்.

வரவேற்புக்கு முந்தைய நாள் பந்தல் வேலை நடக்கும்போது ரேவதியின் அப்பாவே புல்வெளிக்கு வந்தார். கஞ்சி போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய முடி. கயிறுகளை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சரக்கு மேசை எங்க பாப்பா வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான். நான் எங்க நிக்கணும்?"

"நீங்க பொண்ணோட அப்பா. எங்க வேணா நிக்கலாம். மேடைப் பக்கம் நின்னா நல்லது."

"கையில என்ன வச்சிருக்கணும்?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஜூஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "சரி" என்றார். மகள் சொன்ன அதே 'சரி'. அவர் போனதும் தாதாவைக் கூப்பிட்டு, மது மேசை எங்கே என்று விசாரிக்கிறார், கவனம் என்றேன்.

மறுநாள் மாலை. இங்கே பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும் என்பதால் வெயில் இருக்கும்போதே விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். முதல் கணை ரேவதியின் அத்தையிடமிருந்து வந்தது. அப்பாவின் அக்கா.

"ஏம்மா, கல்யாணத்துக்கு வந்த சனத்தைக் கால் கடுக்க நிக்க வச்சு, பல்லுக்குச்சியில குத்தி ஒரு துண்டு மீனைக் குடுக்குறீகளே, இது எந்த ஊரு வழக்கம்?"

"சென்னை வழக்கம்மா."

"நீ எந்த ஊரு?"

"கச்சால்."

"ஓ, ரப்பர் தோட்டத்து ஆளுகளா?"

"ஆமாம்மா. அந்த ஆளுங்க பொண்ணுதான் இன்னைக்கு இங்க எல்லாத்துக்கும் பொறுப்பு. உக்காரணும்னா நாற்காலிக்கு என்கிட்டதான் சொல்லணும்."

ஒரு கணம் முறைத்தார். பிறகு, "ஒண்ணு போடு. முட்டி வலி" என்றார். மேடை தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் மேடையைப் பார்க்கவில்லை. தம்பியை, ரேவதியின் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வந்திருந்த உறவுக்காரர்களில் பாதிப்பேர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மது மேசைப் பக்கம் அவர் தலை திரும்பினாலே இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

விளக்குகள் போட்ட கொஞ்ச நேரத்தில் தாதா என் தோள் அருகே வந்து நின்றார்.

"மேடம், சோட்டா பாய் ஜூஸ் லேகே ஜீப் கே பாஸ் கயா. வாபஸ் ஆகே அங்கிள் கோ தியா."

தம்பிக்காரர், அதாவது ரேவதியின் சித்தப்பா, ஜூஸ் மேசையில் ஒரு கிளாஸ் அன்னாசி ஜூஸ் வாங்கியிருக்கிறார். குடிக்காமல் வெளியே நிறுத்தியிருந்த தன் ஜீப்புக்கு எடுத்துப் போயிருக்கிறார். திரும்பி வந்து அண்ணன் கையில் கொடுத்துத் தோளில் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஜூஸ் எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போக வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. அன்னாசி ஜூஸில் ரம் கலந்தால் நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது. கிளாஸோ நேரான, உயரமான கிளாஸ். நான் சந்தேகத்தைத் தீர்க்க வைத்த வழக்கமே அவருக்கு மறைப்பாக உதவியிருந்தது.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஓடிப்போய் கிளாஸைப் பிடுங்கலாம். பாதிக் கல்யாணம் திரும்பிப் பார்க்கும். மேடையேறி ரேவதியின் காதில் சொல்லலாம். அதோடு அப்பாவும் மகளும் முடிந்தது. சித்தப்பாவின் சட்டையைப் பிடிக்கலாம். அவர் நாலு பேரைக் கூட்டி, அண்ணன்தான் கேட்டான் என்பார். ஏன், அவர் உண்மையிலேயே கேட்டிருக்கவும் கூடுமே? அந்தச் சந்தேகமும் எனக்கு இருந்தது. முந்தைய நாள் மது மேசையைப் பற்றிக் கேட்டவர்தானே.

நான் எதுவும் செய்யவில்லை. அவர் கையைப் பார்க்கத் தொடங்கினேன்.

புல்வெளி முடிந்து கடல் சுவர் தொடங்குகிற இடத்தில் நின்றிருந்தார். கிளாஸை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார், சட்டையில் சிந்திவிடக் கூடாது என்பதுபோல. யாராவது வந்து கும்பிட்டால் இரண்டு கையையும் கூப்ப முடியாமல் ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சமையல் பக்கம் ஒரு தகராறைத் தீர்த்துவிட்டு வந்தேன். கிளாஸ் அப்படியே இருந்தது. முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? குடித்துவிட்டு மறுபடி நிரப்பிக்கொண்டார் என்றுதான். தாதாவைப் பார்த்தேன். இல்லை என்று தலையசைத்தார்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா, தண்டு வைத்த கிளாஸோடு அவரிடம் போனார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"என்ன சம்பந்தி, ஓரமா நிக்கிறீங்க? சியர்ஸ்!"

இரண்டு கிளாஸும் மோதிக்கொண்டன. சம்பந்தி ஒரு வாய் குடித்தார். ரேவதியின் அப்பா கிளாஸை உயர்த்தினார். உதடு வரைக்கும் போனது. எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. குடித்தாரா, குடிக்கவில்லையா? உடனே அவர் குரல் கேட்டது. "மொதல்ல இந்த மீனை எடுத்துக்குங்க சம்பந்தி. கோக்காரி, நம்ம கடல் மீனு. சென்னையில இந்த ருசி வராது." தட்டு வைத்திருந்த பையனைக் கையாலேயே இழுத்துச் சம்பந்திக்கு முன்னால் நிறுத்தினார்.

சம்பந்தி மீனைப் புகழ்ந்துகொண்டே நகர்ந்தார். ஆனால் அத்தையும் அந்தக் கிளாஸ் உதட்டுக்குப் போனதைப் பார்த்துவிட்டார். முட்டி வலியோடு எழுந்து மேடைக்குப் போய் ரேவதியிடம் குனிந்தார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

ரேவதி பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். புகைப்படக்காரர் பின்னாலேயே ஓடினார். அவரை நான் நிறுத்தினேன். பிறகு அவளுக்கு முன்னால் போய்ச் சேர, நடை மாதிரி தெரிகிற ஓட்டத்தில் போனேன்.

"குடுங்க" என்றாள் அப்பாவிடம்.

அவர் கொடுத்தார். அவள் முகர்ந்தாள். அவள் முகம் கல்யாணப் பெண் முகமாக இல்லாமல் போனதை நான் பார்த்தேன். வேறு ஏதோ ஒரு வயதுக்குப் போய்விட்டாள்.

"இது எத்தனாவது?"



"நான் அப்பவே சொல்லல?" பின்னால் வந்து சேர்ந்த அத்தை மூச்சு வாங்கியபடி சொன்னார். "நாய் வாலு நிமிருமா?"

"அம்மா, நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றேன். பிறகு ரேவதியின் பக்கத்தில் போய், சிரித்த முகத்தோடு, மெதுவாகச் சொன்னேன். சிரிப்பது முக்கியம். எதிரே மாப்பிள்ளை வீடு முழுக்க நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "கிளாஸைப் பாருங்க ரேவதி. வாய் வரைக்கும் இருக்கு. நாங்க ஐஸ் போட்டுத்தான் குடுக்கறோம். ஒரு துண்டு ஐஸ் இருக்கா? வெதுவெதுன்னு இருக்கு. ரொம்ப நேரமா கையில இருக்கற கிளாஸ் இது."

"இதுக்கு முன்னாடி வேற குடிச்சிருந்தா?"

நியாயமான சந்தேகம். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். தாதாவைப் பார்த்தேன்.

"ஏக் ஹி கிளாஸ், மேடம்" என்றார் தாதா. "அங்கிள் பியா நஹி. சிர்ஃப் பகடா." ஒரே கிளாஸ்தான், குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார்.

ரேவதி அப்பாவைப் பார்த்தாள். "யார் குடுத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். மகளை அல்ல, என்னை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லாதே என்று கேட்கிற பார்வை அது. சித்தப்பா மது மேசைப் பக்கத்தில் கடலைப் பார்த்து நின்றிருந்தார், கடலில் ஏதோ கப்பல் வருகிற மாதிரி. ஒரு பெயரைச் சொன்னால் இங்கே அப்பாவுக்குக் கௌரவம் திரும்பக் கிடைக்கும். அங்கே ஓர் அடிதடி தொடங்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

"விடும்மா" என்றார் அவர். "கல்யாண வீடு."

ரேவதி சித்தப்பாவின் முதுகை ஒரு முறை பார்த்தாள். அவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

"ஏம்ப்பா கையிலயே வச்சிருந்தீங்க? கீழ ஊத்தியிருக்கலாம்ல?"

"எப்படிம்மா ஊத்தறது? எல்லாரும் என்னையேதான் பாத்துக்கிட்டு இருக்காக. இந்த தாதா வேற பின்னாடியே நிக்கிறாரு. அவரு அந்தப் பக்கம் திரும்புற நேரத்துல ஊத்திப்புட்டா கையில காலி கிளாஸ்தானே இருக்கும்? காலி கிளாஸோட நின்னா நான் குடிச்சவன்தானே?" விரல்களை விரித்து மடக்கினார். மரத்துப்போயிருக்க வேண்டும். "நெறைஞ்சு இருந்தாத்தான் நீ நம்புவ."

ரேவதி அந்தக் கிளாஸைப் புல்லில் கவிழ்த்தாள். எல்லோரும் பார்க்கும்படி, மெதுவாக, கடைசிச் சொட்டு வரை. அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா மேடையிலிருந்து வந்துவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"பூச்சி விழுந்துடுச்சு அத்தை" என்றாள்.

காலிக் கிளாஸை என்னிடம் நீட்டிவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா நெகிழ்ந்துபோய்க் கண்ணைத் துடைத்தார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கு வேறொன்றும் தெரிந்தது. அவள் அப்பாவின் முகத்தருகே முகத்தை வைத்து மூச்சை உள்ளே இழுத்தாள். அவருக்கு அது புதிதில்லை போலிருக்கிறது. அவள் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து ஒரு முறை ஊதினார். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அப்புறம் அவர் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனாள். நான் தடுத்து நிறுத்தியிருந்த புகைப்படக்காரரை விட்டேன்.

சந்தேகப்படுவதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஜீப்புக்குப் போன ஜூஸைச் சந்தேகித்தது சரிதான். குடித்துவிட்டு நிரப்பிக்கொண்டார் என்று நான் நினைத்தேனே, அதையும் முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். மகளே நாலைந்து முறை ஏமாந்திருக்கிறாள். ஆனால் ஒருவர் பின்னால் ஆள் விடும்போது, அவருக்கு அது தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். கண்காணிக்கப்படுகிறவருக்கு எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது, கிளாஸை எங்கே வைப்பது என்பதெல்லாம் பெரிய வேலை. அந்த வேலையை அவருக்குக் கொடுப்பது நாம்தான். இப்போதெல்லாம் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களிடம், கையில் வைத்துக்கொள்ள, மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிடச் சொல்கிறேன். அவர்கள் கேட்காவிட்டாலும்.

விருந்து முடிந்து, வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ரேவதியின் அப்பா மகளோடு காரில் ஏறப் போனவர், கதவைத் திறந்து வைத்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"பாப்பா, அந்த தாதாவுக்குச் சாப்பாடு குடுத்தீகளா?" என்றார். "சாயங்காலத்திலேருந்து எம்பின்னாடியேதான் நிக்கிறாரு. மனுசன் ஒரு துண்டு மீனுகூட வாயில போடலை."

நான் திரும்பிப் பார்த்தேன். தாதா இன்னும் கடல் சுவரருகே, அங்கிள் நின்ற இடத்துக்கு மூன்றடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். போதும் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.